மூடிமேல் சந்தனம்

தென்னேரிக்கு மேலே இரண்டாயிரம் அடியில் என்ஜின் இருமியது. விமானத்தில் தனியாக இருந்த குமாரவேல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அறுபத்தேழாம் வருஷம், ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளை அவன். மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தான். இன்றைக்குத் தனியாகக் காஞ்சிபுரம்வரை பறந்து திரும்பிவிட்டால் லைசென்ஸ். அதற்குள் அவனுக்குப் பெண் கொடுக்க ஒருவர் வந்து காபி குடித்துவிட்டும் போய்விட்டார். ஊர் அவசரம் அப்படி.

அந்தச் சின்ன விமானத்தில் வயர்லெஸ்கூடக் கிடையாது. சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அவன் ஒழுங்காகவே செய்தான். விமானத்தின் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றினான். பனி பிடித்திருந்தால் இளகட்டும் என்று கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திறந்துவிட்டான். என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ சுவிட்சை இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்தான். பெட்ரோல் முள் பாதிக்கு மேலேயே நின்றது. என்ஜின் ஒருமுறை உறுமி எழுந்தது. அப்பாடா என்று அவன் மூச்சுவிட்டு முடிப்பதற்குள் மறுபடி அடங்கிவிட்டது.

பெட்ரோல் இருக்கிறது, ஆனால் என்ஜினுக்கு வரவில்லை. ஏன் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பூஜையன்று சந்தனக் கிண்ணம் அவன் கையில்தான் இருந்தது. வீட்டில் தறிக்கு வைப்பதுபோல விமானத்தில் ஓர் இடம் விடாமல் வைத்தான். இறக்கைமேல் இருந்த பெட்ரோல் மூடிக்கும் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். மூடியின் நடுவே ஒரு பொடி ஓட்டை உண்டு. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். பூஜைக்குப் பின் விமானம் வெளியே எடுக்காமலே நின்றதில், சந்தனம் காய்ந்து அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது. காலையில் கிளம்புமுன் சுற்றிவந்து சோதித்தபோது அதை அவன் பார்க்கவும் பார்த்தான். சுரண்டக் கை வரவில்லை. சாமிக்கு வைத்த பொட்டு, நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அழிப்பானேன்? படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே மேயப் போயிற்றோ!

இப்போது அந்த மூடி அவன் தலைக்கு மேலே, கூரைக்கு அந்தப் பக்கம். கை எட்டாது.

கீழே எங்கு பார்த்தாலும் நடவு முடிந்த சம்பா வயல். ஏரியில் பாதித் தண்ணீர். கரையோரம் காய்ந்ததுபோலத் தெரிந்த ஒரு திட்டில் இறக்கினான். அது காயவில்லை. சக்கரங்கள் சேற்றில் புதைய, விமானம் மூக்கைக் குத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூக்கிலிருந்த விசிறி ஒடிந்தது, இறக்கை மடங்கியது. அவனுக்கு நெற்றியில் ஒரு காயம், அவ்வளவுதான்.

சேற்றில் இறங்கி, தாழ்ந்து கிடந்த இறக்கையில் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று பெட்ரோல் தொட்டி காற்றை இழுத்துக்கொண்டது. பொட்டுதான் காரணம் என்பதில் சந்தேகத்துக்குக்கூட இடமில்லாமல் போய்விட்டது. குமாரவேல் வாய்விட்டு அழுதான்.

பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பொன்னியம்மாள் ஓடிவந்தாள். "உயிர் பொழச்சிக்கினியேபா, இன்னாத்துக்கு அழுவுற?" அவன் கையிலிருந்த மூடியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தோ பாரு, பொட்டு வெச்சிருக்குது. இந்தச் சாமிதாம்பா உன்னக் காப்பாத்திச்சி."



தகவல் எட்டி, சாயங்காலம் ஜீப்பில் பயிற்சியாளர் ராமலிங்கம் வந்தார். கூடவே மெக்கானிக் அர்ஜுனன். மூடியைப் பார்த்ததும் ராமலிங்கம் மெக்கானிக்மேல் பாய்ந்தார். "இதான் நீ செக் பண்ண லட்சணமாய்யா?"

அர்ஜுனன் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெச்சது நான்தான் சார்," என்றான் குமாரவேல்.

ராமலிங்கத்துக்கு அவன்மேல் பிரியம் உண்டு. குரலைத் தணித்துக்கொண்டார். "சரிப்பா, வெச்சிட்ட. காலைல ஏறும்போது நீயும் கவனிக்கல. அவ்ளோதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கவனக்குறைவு என்று எழுதுவார். ஆறு மாதம் கழித்து மறுபடி பறக்கலாம். தெரிந்தே ஏறினான் என்றால் இனிப் பறக்கவே விடமாட்டார்கள். பழியில் பாதியைச் சுமக்க வேண்டிய அர்ஜுனன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"பாத்தேன் சார். பாத்துட்டுதான் ஏறினேன்."

 ராமலிங்கம் கையை நீட்டினார். குமாரவேல் சட்டைக்குள்ளிருந்து பறந்த மணிக்கணக்கெல்லாம் எழுதிவைத்த தன் லாக் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தான். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் கொண்டுபோய் ஜீப்பில் வைத்தார்.