வால் வண்டி வரும்வரை

அறுபது வயதான காரை வைத்திருப்பவனுக்கு மூளையில் ஒரு திருகு கழன்றிருக்கும் என்று உலகம் நினைக்கிறது. உலகம் சொல்வதில் தப்பில்லை. அப்படிப்பட்டவர்கள் ஆறு பேர் ஒன்று சேர்ந்து, மாதக்கணக்கில் திட்டம் போட்டு, மலையையும் கடலையும் பார்க்க வரிசையாகக் கிளம்பினால் அந்த ஆறு திருகுகளையும் யாராவது ஒருவர் கட்டி மேய்க்க வேண்டும். அந்த ஒருவரைத்தான் எல்லோரும் டைம்டேபிள் என்று கூப்பிட்டார்கள். பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் நேர அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். எந்த வளைவில் எந்த வண்டி மூச்சு வாங்கும், எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று விரல் நுனியில் வைத்திருப்பார்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. பழைய வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போக முடியாது; ஒன்று இருமும், ஒன்று முக்கும், இடைவெளி விழுந்துவிடும். அதனால் பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும், முதல் வண்டிக்குப் பின்னால் வருபவர் ஓரமாக நின்று, மற்றவர்களுக்கு வழி காட்ட வேண்டும். வரிசையின் கடைசி வண்டி, அதாவது வால் வண்டி, அவரைத் தாண்டிய பிறகுதான் அவர் கிளம்பலாம். 'வால் வராமல் காலை எடுக்காதே' என்று டைம்டேபிள் எல்லோருக்கும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

இந்தச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதித்த ஒரே ஆள் அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், பல் டாக்டர். கூட்டத்திலேயே நோஞ்சான் வண்டி அவருடையதுதான். பத்து மாதமாக அந்தச் சகலை டைம்டேபிளோடு பேசவில்லை. காரணமும் அந்தச் சட்டம்தான்.

நடந்தது இதுதான். போன வருஷப் பயணத்தில் ஏரிக்குப் பிரியும் கடைசித் திருப்பத்தில் பல் டாக்டர் நின்றார். அன்றைக்கு வால் வண்டி அச்சகக்காரருடையது. அது பாதி வழியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, வேறொரு வண்டி கட்டி இழுக்க, வீட்டுக்கே திரும்பிவிட்டது. வால் வராது என்று தெரியாமல் பல் டாக்டர் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றார். அங்கே போனில் சிக்னலும் கிடையாது. மற்றவர்கள் ஏரிக்கரை ஓட்டலில் சாப்பிட்டார்கள். பல் டாக்டர் அச்சகக்காரருக்கு உதவிக்கொண்டிருப்பார் என்று யாரோ சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள். திரும்பி வரும்போது பார்த்தால், மனிதர் அதே இடத்தில், அதே பக்கம் கை காட்டத் தயாராக நின்றுகொண்டிருக்கிறார். முதலில் சிரித்தது டைம்டேபிள்தான். இன்னுமா நிற்கிறீர்கள், கொஞ்சம் யோசித்துக் கிளம்பியிருக்க வேண்டாமா என்று கேட்டார். அவர் சிரித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இது ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாத கதை ஒன்று டைம்டேபிளின் வயிற்றுக்குள் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்த மாதிரி பத்து மாதமாக மறைத்து வைத்திருந்தார்.

அக்காவும் தங்கையும் மட்டும் தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டு வருஷம் ஆகப் போகிறது. டைம்டேபிளுக்கு அது உறுத்தியது. வெளியே சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அவருக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பேசினார். புதுப் பயணத்துக்குப் பாதை போட்டார்.

கூட்டத்தில் எல்லோருக்கும் ஆசை மலை உச்சிக்குத்தான். உச்சியில் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறு பக்கம் கடல். போட்டோக்காரம்மா இரண்டு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். டைம்டேபிளோ மலையைத் தொடாமல், அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு, இருபது கிலோமீட்டருக்கு ஒரு முறை நிழலில் நிற்கிற மாதிரி ஒரு பாதை வரைந்தார். செங்குத்தான ஏற்றம் ஒன்று கூட இல்லை. சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடமும் கலர் பென்சிலுமாகக் கிடந்தது. அவர் மனைவி தட்டு வைக்க இடமில்லாமல் நின்று பார்த்தார்.

"இது யாருக்காகப் போட்ட ரூட்?" என்று கேட்டார்.

பொதுவாகப் போட்டது என்றார் இவர்.

"எனக்குக் கண்ணு இல்லையா? இது என் தங்கச்சி வீட்டுக்காரர் வண்டிக்குப் போட்டது. அவரு வரப்போறதில்ல. வரணும்னா நீங்க வாயைத் திறக்கணும். பென்சில்ல எழுதினா அவருக்குக் கேக்காது."

டைம்டேபிள் பென்சிலைச் சீவினார். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

வாயைத் திறக்கும் நாளும் வந்தது, அவர் நினைத்த மாதிரி அல்ல. கடைவாய்ப் பல் ஒன்று ஒரு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கலாம் என்றால் கடிக்க வேண்டியதும் அதே பல். நாலாவது நாள் கன்னம் வீங்கியது. அவரைக் கேட்காமலே மனைவி தங்கைக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு நேரம் வாங்கிவிட்டார். வேறு டாக்டரிடம் போகிறேன் என்று இவர் முனகியதற்கு, போங்கள், போய் என் தங்கைக்கு நீங்களே பதில் சொல்லுங்கள் என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சிகிச்சை அறையில் மருந்து வாசனையும், சின்ன விசிறி ஒன்று சுற்றும் சத்தமும். பல் டாக்டர் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "வாயைத் திறங்க, சார்," என்றார்.

சகலை என்று கூப்பிட்டுப் பழகிய வாய் சார் என்றது. டைம்டேபிளுக்குப் பல்லை விட அது வலித்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பஞ்சை அடைத்து, நாக்கை ஒரு கம்பியால் ஒதுக்கி, உறிஞ்சு குழாயை உதட்டில் மாட்டிய பிறகு, மனிதர் பேசத் தொடங்கினார். பத்து மாதத்துப் பேச்சு. இந்தப் பக்கம் பதில் சொல்ல வழியே இல்லை. வேண்டுமென்றே செய்தாரா, தானாக அமைந்ததா என்று டைம்டேபிளுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

அச்சகக்காரர் மூன்றாம் மாதமே பல் அடைக்க வந்தாராம். வண்டி திரும்பியதுமே ஏரிக்கரை ஓட்டலுக்குப் போன் பண்ணி டைம்டேபிளிடம் சொல்லிவிட்டதாக அவர்தான் சொன்னாராம். குடும்ப விஷயம் என்று வேறு யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட சொல்ல மறந்துட்டீங்க," என்றார் பல் டாக்டர், பல்லைக் குடைந்துகொண்டே. "மறதி யாருக்கும் வரும். நானே ஒரு தடவை வலது பக்கம் பிடுங்க வேண்டியதுக்கு இடது பக்கம் ஊசி போட்டிருக்கேன். மூணு மணி நேரம் நின்னது பெரிசில்ல, சார். மறந்துட்டேன்னு நீங்க வந்து சொல்லுவீங்கன்னு ஏழு மாசமா நிக்கிறேன். அதுதான் கால் வலிக்குது."

டைம்டேபிளின் கண்ணில் தண்ணீர் வந்தது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார்.

எழுந்து வாயைக் கொப்பளித்த பிறகு, பாதி உதடு செத்துப்போன நிலையில், ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஷெட்டில் கூட்டம், நீங்கள் வர வேண்டும், எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்று ஒருவாறு சொல்லி முடித்தார். பல் டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "ரெண்டு மணி நேரம் எதையும் கடிக்காதீங்க," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் டைம்டேபிளுக்கு ஒரே எண்ணம்தான் மனதில். மறந்துட்டேன் என்று ஒரு வார்த்தை. அவ்வளவு போதும். சகலையே அந்த வார்த்தையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அதைத் திருப்பிச் சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடும், இரண்டு குடும்பமும் சேர்ந்துவிடும். ஆனால் அது பாதிதான் நிஜம். மீதிப் பாதி அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு படுத்து மனைவியின் தூக்கத்தையும் கெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் எல்லோரும் வந்தார்கள். மெக்கானிக் ஒரு பழைய கதவை இரண்டு டயர் அடுக்கின் மேல் போட்டு மேஜையாக்கியிருந்தார். அதன் மேல் வரைபடம். சுற்றிலும் அச்சகக்காரர், போட்டோக்காரம்மா, எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கும் வக்கீல். கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துப் பல் டாக்டர் வந்து, வாசல் பக்கமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். மெக்கானிக் ஒரு டம்ளர் டீயை அவர் கையில் கொடுத்தார்.

மலை உச்சி எங்கே போயிற்று என்று போட்டோக்காரம்மா ஆரம்பித்தார். அடிவாரத்தைச் சுற்றுவதற்கு ஆறு வண்டி எதற்கு, ஆறு மாடு போதுமே என்றார் வக்கீல். டைம்டேபிள் கையைத் தூக்கி நிறுத்தினார். பாதையைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் போன வருஷத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்றார். வால் வண்டி திரும்பிவிட்டது என்று எனக்குப் போன் வந்தது, ஓட்டல்காரனோடு மேஜைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் சகலையிடம் ஆள் அனுப்ப மறந்துவிட்டேன் என்றார். அச்சகக்காரர் பெருமூச்சு விட்டார். வக்கீல், மறதிதானே, விடுங்கள் என்று பெருந்தன்மையாகக் கையை விரித்தார். பல் டாக்டர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். அவர் முகத்தில் பத்து மாத இறுக்கம் தளர்ந்திருந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் சுபம்.

"இருங்க, இன்னும் முடியல," என்றார் டைம்டேபிள். "ஒரு மணி நேரம்தான் மறந்திருந்தேன். பாதிச் சாப்பாட்டுல ஞாபகம் வந்திடுச்சு. அப்பவே வண்டியை எடுத்திருந்தா பத்து நிமிஷத்துல போயிருப்பேன். போனா, மறந்தது நான்தான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இத்தனை வருஷம் நேரம் போட்டவன், இவனுக்கே மறந்திடுச்சான்னு கேப்பீங்க. அவரு இந்நேரம் கிளம்பியிருப்பாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு உக்காந்து சாப்பிட்டேன். மீதி ரெண்டு மணி நேரம் அவரை நான் தெரிஞ்சே நிக்க வச்சேன். அதை மறைக்கத்தான் முதல்ல சிரிச்சேன்."

போட்டோக்காரம்மா வரைபடத்தைப் பார்த்தபடியே இருந்தார். எல்லாம் கெட்டது என்று டைம்டேபிள் நினைத்தார். கையில் கொடுத்த மன்னிப்பை எடுத்துத் தரையில் போட்டுவிட்டோம் என்று நினைத்தார். ஆனால் பத்து மாதத்தில் முதல் தடவையாக வயிற்றுக்குள் மறைத்து வைக்க எதுவும் மிச்சமில்லை.

பல் டாக்டர் எழுந்தார். வாசலுக்குத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் மேஜைக்கு வந்தார். வரைபடத்தின் மேல் குனிந்து, எக்ஸ்ரே பார்ப்பவர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார். அடிவாரத்தைச் சுற்றிய நீலக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். நிழலுக்கு நிற்கும் இடங்கள், தண்ணீர் ஊற்றும் இடங்கள், ஒன்றொன்றாக.

"இது என் வண்டிக்குப் போட்ட ரூட்டு," என்றார்.

அழிப்பானை எடுத்து அந்த நீலக் கோட்டை அழிக்க ஆரம்பித்தார். பொறுமையாக, கொஞ்சமும் விட்டுவிடாமல் அழித்தார். தூளை ஊதித் தள்ளிவிட்டு, சிவப்புப் பென்சிலால் மலை ஏறுகிற பாதையை உச்சி வரைக்கும் இழுத்தார்.

"எனக்காக யாரும் சுத்திப் போக வேண்டாம்," என்றார். "ஆனா என் வண்டி முதல் கியர்லதான் ஏறும். நீங்க எல்லாரும் அரை மணியில மேல போயிடுவீங்க. எனக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகும். சூடாகி நின்னா ரெண்டரை. நான் வர்ற வரைக்கும் மேல யாராவது நிக்கணும்."

யார் நிற்பது என்று வக்கீல் கேட்டார். பல் டாக்டர் சிவப்புப் பென்சிலை டைம்டேபிளிடம் நீட்டினார்.

டைம்டேபிள் அதை வாங்கிக்கொண்டார். வரைபடத்தின் ஓரத்தில் அவர் போட்டிருந்த நேர அட்டவணையில், அழித்துவிட்ட அடிவார நிறுத்தங்களை அடித்துவிட்டு, உச்சிக்கு ஒரு வரி சேர்த்தார். போய்ச் சேரும் நேரம் காலை பத்து. புறப்படும் நேரம் என்ற கட்டத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'சகலை வந்த பிறகு' என்று எழுதினார்.

பல் டாக்டர் குனிந்து அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"ரெண்டு கேன் தண்ணி கூடுதலா எடுத்துட்டு வாங்க, சகலை," என்றார்.