கன்னத்தில் வைத்த நாப்கின்

நாகலூரில் நாங்கள் நாப்கின் செய்யும் கொட்டகைக்குத் திட்ட அலுவலராக வாய்த்தவர் வெங்கடேஷ் சார். சேலத்திலிருந்து மலையேறி வந்து, எனக்கும் தனலட்சுமிக்கும் மாதவிலக்கைப் பற்றிப் பயிற்சி கொடுத்த புண்ணியவான்.

மரக்கூழ் தடித்த அட்டையாக வரும். மெஷினில் போட்டு அரைத்தால் பஞ்சாகும். அந்தப் பஞ்சுதான் ஈரத்தை உறிஞ்சுவது. சார் ஒரு நாப்கினை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"நொம்ப சொரசொரன்னு இருக்குதுங்க அக்கா."

அது கன்னத்துக்கு வைப்பதில்லை என்று அவருக்கு யார் சொல்வது?

மறுநாள் துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவம் ஒரு கேன் வந்தது. கூழ் அட்டையை அதில் ஊறவைத்து, காப்பி காயப்போடும் களத்தில் உலர்த்தினோம். சும்மா சொல்லக் கூடாது, மெஷின் அலறாமல் அரைத்தது. நாப்கின் மெத்தென்று இருந்தது, மல்லிகை மணம் வேறு. நாங்களும் ஆளுக்கொன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். சகவாச தோஷம்.

மாணவியர் விடுதி வார்டன் சாந்தாமேரி பார்க்க வந்தார். அவர் ஆர்டர் கொடுத்தால் கொட்டகை ஓடும். இல்லாவிட்டால் நானும் தனலட்சுமியும் பழையபடி மழையில் காப்பிப்பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போக வேண்டும்.

சார் வெள்ளைப் பேண்டில் வந்திருந்தார். நாப்கினை மேசையில் விரித்து, நீல மை கலந்த தண்ணீரை ஊற்றினார். கண் முழுக்க வார்டன் முகத்தில்தான்.

"ஒரு சொட்டு வெளிய வராதுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு சொட்டும் உள்ளே போயிருக்கவில்லை; வாசனைத் திரவத்தில் ஊறிய பஞ்சு உறிஞ்ச மறுத்துவிட்டது. அத்தனையும் மேசையில் உருண்டோடி, அவருக்கு முன்பே நாற்காலியில் இறங்கியிருந்தது.

வார்டன் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க அமுதவல்லி, உங்க ஊட்டுக்கு எதை எடுத்துட்டுப் போறீங்க?"

"பழைய சொரசொரப்புதானுங்க."

எங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததில் ஒன்றை எடுத்து வந்தேன். மிச்சத் தண்ணீரை வார்டனே அதில் ஊற்றினார். மேசை காய்ந்தே இருந்தது.

"இதையே அனுப்புங்க" என்று சொல்லிக் கிளம்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சார் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஆள் போனதும் மெல்லிய குரலில் கேட்டார்.

"அக்கா, பின்னாடி தெரியுதுங்களா?"

"நல்லாவே தெரியுதுங்க சார்."

தனலட்சுமி தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். அதை இடுப்பில் எப்படிக் கட்டுவது, பஸ்ஸில் எந்தப் பக்கமாக நிற்பது என்று எல்லாம் சொன்னோம். பயிற்சியை அவர் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டார்.