துறைச் செய்தியில் ஒரு கழுதை

கச்சிராயபாளையம் சாலையில் இருந்த இசைவாணியின் அச்சகம் அன்று கல்யாணப் பத்திரிகை எதையும் தொடவில்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மைவாசனை பரவியிருந்தது. அது பல்கலைக்கழக ஓவியத் துறையின் பின்கட்டு வாசனை. இருபது வருடம் கழித்தும் அந்த மண்ணெண்ணெய் கலந்த நெடி மூக்கில் ஏறியதும், பசியோடு மதிய வகுப்பில் நின்ற ஞாபகம் அவளுக்கு வந்துவிடும்.

ஓவியத் துறையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. படித்து முடித்துப் போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் செய்தியைத் துறைக்குச் சொல்ல வேண்டும். எழுதிச் சொல்லக் கூடாது, செதுக்கிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அகலத்தில் ஒரு லினோ பலகை. அதில் பரிசு வாங்கியவர் பரிசை, பிள்ளை பெற்றவர் தொட்டிலைச் செதுக்கி அனுப்புவார். அந்த ஆண்டுப் பொறுப்பாளர் எல்லாப் பலகைகளையும் ஒரு மரச்சட்டத்துக்குள் அடுக்கி ஒரே தாளில் அச்சடிப்பார். வந்துபோகும் தூரத்தில் இருப்பவர்கள் வந்து தங்கள் படத்தின் கீழே பென்சிலால் கையெழுத்திடுவார்கள். தாளுக்குத் 'துறைச் செய்தி' என்று பெயர். அடுத்த தாள் வரும்வரை அது துறையின் நடைக்கூடத்தில் தொங்கும்.

இந்த ஆண்டுப் பொறுப்பு இசைவாணிக்கு. உதவிக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். வெள்ளிமலையில் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியையாக இருக்கும் ஜெயசுதா அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். காலை பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்தாள். களமருதூர் தெய்வசிகாமணி ஒரு வகுப்பு மேலே படித்தவர். கோயில் கோபுரங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர்.

லினோ என்பது பார்க்க ரப்பர் மாதிரி இருக்கும் ஒரு தகடு. அதை மரத்துண்டில் ஒட்டிச் செதுக்குவார்கள். மை தடவிய உருளையை மேலே ஓட்டினால் உளி போகாத இடமெல்லாம் மை ஏறும்; உளி போன இடம் பள்ளமாக இருப்பதால் தாளில் வெள்ளையாக நிற்கும். ஒரே ஒரு சங்கடம், அச்சில் இடம் வலம் மாறிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடியில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. அதனால் செதுக்குவதற்கு முன்பே படத்தைத் திருப்பி வரைந்துகொள்ள வேண்டும். மறந்தவர்களுக்கென்று துறையில் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. கழுதைத் தலை. திருப்ப மறந்தவரின் படத்துக்குப் பக்கத்தில் அது விழும், ஆண்டு முழுக்கத் தொங்கும். சட்டத்தோடு சேர்ந்து அந்தக் கழுதையும் ஊர் ஊராகப் பொறுப்பாளர் வீட்டுக்குப் போகும்.

இசைவாணி அச்சு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றி முதல் மாதிரித் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். ஜெயசுதா குனிந்து பார்த்தாள்.

"யாருடி இது, நடுவுல? அன்பா?"

அந்தப் படத்தில் மேசை முன்னால் உட்கார்ந்து செதுக்கும் ஒரு மனிதன். பின்னால் கரும்புத் தோகை. மூக்கைப் பார்த்தாலே அன்புச்செல்வன் என்று தெரிந்தது. ஆனால் உளி இடது கையில் இருந்தது.

தெய்வசிகாமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எனக்கு ரெண்டு தடவ கழுதை போட்டவன் இவன்தான். வலது கைக்காரன் இடது கையில உளி புடிச்சிக்கினு இருக்கான் பாரு. திருப்ப மறந்துட்டான். எங்க அந்த முத்திரை?"

"இருங்கண்ணா."

"இன்னா இருங்க? வழக்கம்னா வழக்கம். நான் அழுதுக்கினே வாங்கிக்கல?"

வகுப்பில் இசைவாணிக்கு நெருங்கிய சிநேகிதன் அன்புச்செல்வன்தான். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்புக்காரர் வீடு. இரண்டு பொங்கலாக அவனிடமிருந்து பேச்சே இல்லை. வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான், போன் செய்தால் எடுப்பதில்லை. உளியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கரும்போடு போய்விட்டான் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். சட்டத்தில் அவன் இடத்தை வெறும் கட்டையால் அடைத்துவைத்திருந்தார்கள். இந்த ஆண்டு, யாரும் எதிர்பாராமல், பஸ் பார்சலில் அவன் பலகை வந்திருந்தது. கழுதையை வாங்கியே பழகாதவன். இத்தனை நாள் கழித்துத் தலைகாட்டியவனை நடைக்கூடத்தில் ஒரு வருடம் கழுதையோடு தொங்கவிட்டால் அவன் திரும்ப வரவே மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

"பலகைய மட்டும் இன்னொரு தடவ பாத்துடறேன்," என்றாள்.

"பாத்தா திரும்பிக்குமா?" என்றார் அவர். முத்திரையை மைப்பட்டையில் ஒற்றிக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.

"மூலைல வேற நாலு ஓட்டை போட்டு வெச்சிருக்கான்," என்றாள் ஜெயசுதா. "வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழுது. இவ்ளோ அசிங்கமா அவன் செய்ய மாட்டானே."

இசைவாணி பலகையைச் சட்டத்திலிருந்து பிரித்து, துணியால் மையைத் துடைத்து, ஷட்டருக்கு அடியில் வந்த வெயிலில் சாய்த்துப் பிடித்தாள்.

படிக்கிற காலத்தில் அவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. காய்ந்துகொண்டிருக்கும் பலகைகளில் பெயரைப் பார்க்காமல் எது யாருடையது என்று சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்கள், பின்னணியில் இருக்கும் வெறும் கோடுகளைப் பார்த்துச் சொல்வார்கள். உளியைத் தள்ளும் விதம் ஆளுக்கு ஆள் வேறு. வலது கைக்காரர் தள்ளினால் கோடு கீழே வலப்பக்கம் தொடங்கி மேலே இடப்பக்கம் சாயும். உளி இறங்கும் இடம் கூர்மையாக இருக்கும், கிளம்பும் இடம் லேசாகப் பிய்ந்திருக்கும். அதனால் எங்கே தொடங்கி எங்கே முடித்தான் என்பதைப் பலகையே சொல்லிவிடும். பலகையைச் சுற்றிச் சுற்றிச் செதுக்குகிறவர்களைத்தான் கண்டுபிடிப்பது கடினம். அன்பு பலகையை அசைக்கவே மாட்டான். அவன் கோடுகள் காற்றில் சாய்ந்த மழை மாதிரி ஒரே பக்கம் விழும். அந்த மழையை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள்.

இந்தப் பலகையிலும் மழை இருந்தது. ஆனால் மறுபக்கம் சாய்ந்திருந்தது. படத்தைத் திருப்ப மறந்தால் படம்தான் மாறும், கை மாறாது. கோடுகள் ஒவ்வொன்றும் கீழே இடப்பக்கம் தொடங்கி மேலே வலப்பக்கம் முடிந்திருந்தன. சில இடங்களில் நடுங்கி வழுக்கியிருந்தன.

அவள் மூலை ஓட்டைகளைத் தடவிப் பார்த்தாள். ஆணி அடித்த ஓட்டைகள். ஒரு கை செதுக்கும்போது மறு கை பலகையைப் பிடிக்க வேண்டும். பிடிக்கக் கை இல்லாதவன்தான் பலகையை மேசையோடு ஆணியடிப்பான்.

"அண்ணா," என்றாள். "அவன் சரியாத்தான் திருப்பியிருக்கான். இடது கையாலயே செதுக்கியிருக்கான்."

தெய்வசிகாமணி பலகையை வாங்கி வெயிலில் பிடித்தார். பிறகு கழுதையை மெதுவாக மேசையில் வைத்தார்.

"போன் போடுடி," என்றாள் ஜெயசுதா.

"எடுக்க மாட்டான்." இசைவாணி மாதிரித் தாளைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். கீழே ஒரே வரி எழுதினாள்: 'இடக்கை மழை நல்லா விழுந்திருக்கு.'

டீ வாங்கி வந்து குடித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"யாரு கண்டுபுடிச்சது, வாணி?"

"நான்தான். அண்ணன் கழுதைய ரெடியா புடிச்சிக்கினு நின்னாரு."

"அவரு நிப்பாரு."

"டேய், நான் கேட்டுக்கினுதான் இருக்கேன்," என்றார் தெய்வசிகாமணி.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டே எவ்வளவு நாளாகிவிட்டது.

"கை இன்னாடா ஆச்சி?" என்றாள் இசைவாணி.

"கரும்பு லோடு. ட்ரெய்லர மாட்டறப்ப கொக்கில சிக்கிக்கிச்சி. வலது கையில மூணு விரல் மடங்காது."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"இன்னான்னு சொல்றது? குரூப்புல ஒருத்தன் டெல்லில பரிசு வாங்கறான், ஒருத்தி ரயில்வே ஸ்டேஷன் செவுரு முழுக்க வரையறா. நான் ஆஸ்பத்திரி போட்டோவா போடறது? மொதல்ல ஒரு கோடு நேரா வர்ல, வாணி. கிழிச்சிக் கிழிச்சி எவ்ளோ லினோ வேஸ்ட் ஆச்சி தெரியுமா. இதுதான் மூஞ்சின்னு சொல்ற மாதிரி வந்த மொத பலகை."

ஜெயசுதா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னிக்கி தாள அடிச்சிடுவேன். எண்ணெய் மை, நாளைக்கி மத்தியானம் வரைக்கும் காயாது," என்றாள் இசைவாணி. "நீ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் தாள் துறைக்குப் போகும்."

"என் கையெழுத்து இப்ப கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

"முன்னாடி மட்டும் இன்னாவாம்?" என்றாள் ஜெயசுதா.

மறுநாள் மதியம் அவன் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தான். முன்பைவிட இளைத்திருந்தான். வலது கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்தபடி நின்றவன், மைவாசனையை ஒருமுறை ஆழமாக இழுத்தான். பிறகு கையை மறைக்க மறந்துவிட்டான்.

தாள் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இசைவாணி அதை இறக்கி மேசையில் விரித்து, அசையாமல் இருக்க இரண்டு மூலைகளிலும் கை வைத்துக்கொண்டாள். அவன் பென்சிலை இடது கையில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். எல்லா எழுத்தும் மழையோடு சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தன. எழுதி முடித்ததும் மற்றவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே போனவன், தெய்வசிகாமணியின் கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்றான். அங்கே கழுதைத் தலை விழுந்திருந்தது.

"இன்னாண்ணா, நீங்க திருப்ப மறந்துட்டீங்களா?"

"கோபுரத்த எப்பிடித் திருப்புனாலும் ஒண்ணுதான்டா. தப்பாப் பாத்ததுக்கு நானே போட்டுக்கினேன்."

அன்புச்செல்வன் இன்னும் குனிந்து பார்த்தான். "கழுதை கோணலா விழுந்திருக்கே."

"வலது கையாலதான்டா போட்டேன்," என்றார் தெய்வசிகாமணி.