பதினேழு பேருக்குக் காதிரைச்சல்

“என்ர தம்பிக்கும் ஒரு கடிதம் வேணும், டொக்டர்.”

இந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லக்கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கல்யாணி மேடம் சொல்லியிருந்தார். லீவு கேட்கலாம். சம்பள உயர்வுகூடக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காது, அது வேறு கதை. சொந்தக்காரருக்குக் கடிதம் கேட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கல்யாணி மேடம் டொக்டர் சேகரின் மனைவி, கிளினிக்கின் மனேஜர். அவர் வாயில் வந்தால் அதுதான் சட்டம்.

டொக்டர் சேகர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். லண்டனில், பேக்கர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடையில் அவருடைய தனியார் கிளினிக். அதன் வரவேற்பு மேசையில் இருப்பவள் நான். நேரம் குறிப்பது, கோப்பி கொடுப்பது, அவர் சொல்லச் சொல்லக் கடிதம் தட்டுவது எல்லாம் என் வேலை. எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் முதல் பட்டதாரி நான்தான். உயிரியல். அறுபத்து மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்த பிறகு கிடைத்தது இந்த மேசை. நாங்கள் இருக்கிற ஈஸ்ட் ஹாமில் அம்மா ஆட்களுக்குச் சொல்வது, “மகள் டொக்டரோட வேலை செய்யிறா” என்று. அதில் பொய் இல்லை.

பிரிட்டனில் கட்டாய இராணுவ சேவை திரும்பி வந்து பத்து மாதம். பதினெட்டிலிருந்து இருபத்தொரு வயதுவரை உள்ள ஆண்களுக்குக் கணினியில் குலுக்கல். குலுக்கலுக்கு ஏழை, பணக்காரன் தெரியாது என்று டிவியில் மந்திரி சொன்னார். உண்மைதான், குலுக்கலுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வருகிற முப்பது நாளுக்கு நன்றாகத் தெரியும். அந்த முப்பது நாளுக்குள் ஒரு நிபுணரின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெயர் நீங்கும். நீங்கிய பெயருக்குப் பதிலாக அடுத்த எண்ணுக்குரியவனைக் கூப்பிடுவார்கள். அடுத்த எண் எங்கே இருக்கிறான் என்று பார்க்க எங்கள் தெருவுக்கு வந்தால் போதும். மரக்கறிக் கடையில் பெட்டி இறக்கினவன் போய்விட்டான். முடிவெட்டும் கடையில் நின்ற நிசாந்தன் போய்விட்டான். கார் கழுவுகிற இடத்தில் இப்போது முதலாளியே பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

ஜனவரியிலிருந்து நான் பதினேழு கடிதங்கள் தட்டியிருக்கிறேன். பதினேழு பேருக்கும் ஒரே வருத்தம்: காதிரைச்சல். காதுக்குள் ஓயாத ஒரு கூவல், அதனால் நித்திரை இல்லை, மனச்சோர்வு. அதைப் பொய் என்று காட்ட உலகத்தில் ஒரு மெஷினும் கிடையாது. கேட்கிறது என்று நோயாளி சொன்னால் கேட்கிறதுதான். அந்தப் பதினேழு பேரில் ஒருவன்கூட எங்கள் சோதனை அறைக் கதிரையில் உட்காரவில்லை. தாய்மார்தான் வருவார்கள். ஒரு அம்மா கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, “எந்தக் காதென்று போடவில்லையே, அவன் மறந்துவிடுவான்” என்றார். இரண்டு காதும் என்று போட்டுக் கொடுத்தேன்.

என் தம்பி மிதுலனுக்குப் பத்தொன்பது வயது. பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு பார்சல் கிடங்கில் ஷிப்ட் வேலை. அவனுக்கு இடது காது கேட்காது. நாங்கள் ஜெர்மனியில் இருந்தபோது, மூன்று வயதில், காதில் சீழ் பிடித்துக் கேட்கும் சக்தி போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பெடியன்கள் பகிடி பண்ணியதால் மறைக்கப் பழகிவிட்டான். ஆட்களுக்கு வலப்பக்கத்தைக் கொடுத்து நிற்பான். கேட்காததை வாயசைவில் பிடிப்பான். ஆர்மிக்காரரின் பத்து நிமிடப் பரிசோதனையில் நர்ஸின் கண்ணைப் பார்த்துப் பார்த்தே சத்தம் கேட்டால் அமத்தவேண்டிய பொத்தானை அமத்தினானாம். “பாஸ் அக்கா” என்று சிரித்துக்கொண்டு வந்தான். மூடன்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. சேவை செய்வதற்கு உங்களுக்குத் தடை ஏதும் உண்டா? அப்பா தேவராசா, “இல்லையெண்டு போடு” என்றிருக்கிறார். “ஏலாதெண்டு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுக்காத. எழுதினது ஒருநாள் திரும்பி வரும். பாஸ்போட்டைப் பறிச்சாங்களெண்டா எங்க போறது?” நாங்கள் பிரிட்டிஷ் பிரஜைகளாகி ஒன்பது வருடம். அப்பாவுக்கு இன்னும் அந்த நம்பிக்கை வரவில்லை. மிதுலன் ‘இல்லை’ என்று போட்டுக் கையெழுத்து வைத்தான். தெருவில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற படித்த அக்கா நான், அன்றைக்கு இங்கே இருந்து யாரோ ஒருவனின் காதிரைச்சலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

குலுக்கலில் அவன் பெயர் விழுந்து முப்பது நாள் முடிந்துவிட்டது. பிந்திய விண்ணப்பத்துக்கு நிபுணரின் சோதனை அறிக்கை வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதக் காத்திருப்பு. மற்றத் தனியார் கிளினிக்குகளில் ஆறு வாரத்துக்கு இடமில்லை. லண்டன் முழுக்கக் காதிரைச்சல். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் இராணுவ முகாமில் போய் நிற்கவேண்டும். இன்றைக்கு வியாழன்.

டொக்டர் சேகர் கண்ணாடியைக் கழற்றினார். “கோசிகா, கல்யாணி உன்கிட்ட சொல்லலையா?”

“சொன்னவ. அவனுக்கு இடது காது உண்மையாவே கேக்காது, டொக்டர். உங்கட மெஷினில அரை மணித்தியாலம். பொய் ஒண்டும் எழுதத் தேவையில்லை. இருக்கிறதை எழுதுங்கோ.”

“ஸ்டாஃப் ஃபேமிலிக்கு எழுதினா சந்தேகம் வரும்மா.”

“பதினேழு பேருக்கு ஒரே வருத்தம் வந்தா வராதோ?”

கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். “உங்க தமிழ்ல திட்டினாக்கூட இனிப்பாத்தான் இருக்கு.”

“நான் இனிப்புக் கடை வைக்கேல்ல, டொக்டர்.”

சிரிப்பு நின்றது. எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். மேசை லாச்சியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். இராணுவத்துக்கு ஆட்களைக் கூப்பிடுகிற சேவைச் சபையிலிருந்து வந்தது. ஒரே கிளினிக், ஒரே வருத்தம், பதினேழு பேர் என்று அவர்களுக்கும் கண்ணில் பட்டிருக்கிறது. கேள்வி நேராக இருந்தது: இந்தப் பதினேழு பேரும் நேரில் வந்து காதுச் சோதனை செய்துகொண்டார்களா? வருகைப் பதிவு வைத்திருப்பவர் உள்ளிருந்த படிவத்தில் தன் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும்.

வருகைப் பதிவு வைத்திருப்பவள் நான்.

“நானே உன்னைக் கூப்பிடணும்னு இருந்தேன்” என்றார். “வந்தாங்கன்னு ஒரு வரி. கீழ உன் சைன். நாளைக்குக் காலைல உன் தம்பியைக் கூட்டிட்டு வா. நானே டெஸ்ட் பண்றேன், நானே சபைக்குப் போன் பண்றேன். திங்கக்கிழமை அவன் வீட்ல இருப்பான்.”

“அவங்கள் வரேல்லையே.”

“அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.”

“இது பிணை, டொக்டர்.”

“ஜாமீனா? யாரும் அரெஸ்ட் ஆகலையேம்மா.”

அவருக்கு விளங்கவில்லை. விளங்காததில் பிழையில்லை. தமிழ்நாட்டில், அவர் ஊரில், அது கோர்ட்டில் பேசுகிற சொல். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்வதில்லை. அப்பாவுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறப் புலிகள் இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவன் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்லவேண்டும். அப்பா கண் வைத்தியம் என்று சொல்லி ஒரு மாதப் பாஸ் எடுத்தார். பிணை நின்றவர் அவருடைய அண்ணன் ஞானேஸ்வரன். அப்பா திரும்பிப் போகவில்லை. பெரியப்பாவைப் போர்முனைக்குப் பங்கர் வெட்டக் கொண்டுபோனார்கள். அவரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்பா தன் வாயால் இதை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும்.

“ஒரு கோல் எடுத்திட்டு வாறன்” என்று வெளியே வந்தேன்.

மிதுலன் இடைவேளையில் இருந்தான். பின்னால் பார்சல்களைக் கொண்டுபோகிற பட்டி ஓடுகிற சத்தம். போனை வலது காதில் வைத்திருப்பான்.

“என்னக்கா, வேலை போச்சோ?”

“இன்னும் இல்லை. கடிதம் தாறாராம்.”

“உண்மையாவோ! அந்தாள் நல்ல மனுசன் போல.”

“நான் ஒரு பொய்க்குக் கையெழுத்து வைக்கோணும்.” விஷயத்தைச் சொன்னேன்.

“என்ர காது உண்மையாப் போன காதுதானே?” என்றான். “பிறகேன் அதைக் களவா வாங்கோணும்?”

“அதைத்தான் நானும் கேக்கிறன்.”

“நேற்று யோசிச்சனான் அக்கா. இடப்பக்கம் குண்டு விழுந்தா எனக்கு நியூஸில பாத்துத்தான் தெரியவரும்.”

“மூடு வாயை.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆகிவிட்டது. “அக்கா, ஆரும் ‘கீழ படு’ எண்டு கத்தினா எனக்குக் கேக்காது. இருட்டில வாயும் தெரியாது. ஒண்டையும் யோசியாத. கையெழுத்தை வைச்சிட்டு வா. பிளீஸ்.”

யாரோ அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். போன் நின்றது.

கூடத்தில் நின்று யோசித்தேன். அதிக நேரம் எடுக்கவில்லை. சபைக்காரர் என்றோ ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். அன்றைக்கு இந்தக் கிளினிக்கிலிருந்து போன கடிதம் எல்லாம் பொய்க் கடிதம்தான். பதினேழு பொய்க்குப் பின்னால் பதினெட்டாவதாக என் தம்பியின் உண்மையான காது இருக்கும். அந்தப் பதினேழு பேருக்கும் லோயர்மார் வருவார்கள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தாய் பயந்துவிட்டார் என்று அழகான ஆங்கிலத்தில் சொல்வார்கள். மிதுலனைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கும்? தடை இல்லை என்று கையெழுத்து வைத்தவன், பரிசோதனையில் பாஸானவன், அக்கா அதே கிளினிக்கில் வேலை செய்தவள். முதலில் உள்ளே போவது யார் என்று அறிய எனக்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை.

இதையெல்லாம் அவனுக்குச் சொன்னாலும், ‘பிறகு வாறதைப் பிறகு பாப்பம், இப்ப திங்கட்கிழமை’ என்பான். அதுவும் சரிதான். அவன் என்னை மன்னிக்காமல் போகலாம்.

திரும்பி உள்ளே போனபோது கல்யாணி மேடமும் இருந்தார். படிவத்துக்குப் பக்கத்தில் பேனையைக்கூட மூடி கழற்றி வைத்திருந்தார்கள்.

“அந்தப் பதினேழில முதலாவது ஆர், டொக்டர்?” என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. நான்தானே தட்டினேன்.

“கௌசிக்” என்றார். அவருடைய மகன். பொருளாதாரம் இரண்டாம் வருடம். “ஒரே பையன். முதல்ல அவனுக்கு மட்டும்தான் எழுதினேன். அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் கேட்டாங்க, எப்படி முடியாதுன்னு சொல்றது? எங்கப்பா விழுப்புரத்துல பஸ் கண்டக்டர், கோசிகா. எங்க குடும்பத்துல முதல்ல டிகிரி வாங்கினவன் நான். நான் பட்டது என் பையன் படக்கூடாதுன்னு நினைச்சேன். அது தப்பா?”

“அப்ப உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கோணும்.”

“என்ன தெரிஞ்சிருக்கணும்?”

“கௌசிக்குப் பதிலா ஒருத்தன் போனவன். அவனுக்கு என்ன பேர் எண்டு ஒருநாளாவது யோசிச்சனீங்களோ?”

கல்யாணி மேடம் மேசையைத் தட்டினார். “எவ்வளவு திமிரு! வேலை போட்டுக் குடுத்தா வீட்டுக்காரங்களையே கேள்வி கேப்பியா? உன் தம்பி வேணுமா வேணாமா? அதை மட்டும் சொல்லு.”

“வேணும்.”

படிவத்தை இழுத்தேன். என் முழுப் பெயர், என் வேலை, தேதி. பதினேழு பெயர்களும் அச்சிட்டிருந்த இடத்தின் கீழே எழுதினேன்: இவர்களில் ஒருவரும் சோதனைக்கு வரவில்லை. கடிதங்களைத் தட்டியவள் நான். வரவில்லை என்று தெரிந்தே தட்டினேன். அதற்குக் கீழே, யாரும் கேட்காத ஒன்றையும் எழுதினேன்: என் தம்பி மிதுலன் தேவராசா, இடது காது கேட்காது, படிவத்தில் ‘இல்லை’ என்றது பயத்தில். உங்கள் ஆட்களே சோதியுங்கள். கையெழுத்து வைத்தேன்.

டொக்டர் தலைகீழாகவே வாசித்துவிட்டார். முகம் சாம்பலாகிவிட்டது. “நீயும்தானே மாட்டுவ? லைசன்ஸ் போகும் எனக்கு. உனக்கு இனி எவன் வேலை குடுப்பான்?”

“தெரியாது.”

“அவங்க டெஸ்ட் பண்ணுவாங்கன்னு என்ன நிச்சயம்? திங்கக்கிழமைக்குள்ள? இதை வாசிக்கவே ஒரு மாசம் ஆகும். உன் தம்பி போயிடுவான்மா. நீயே அனுப்பி வைக்கிற.”

அது முழுப்பொய் இல்லை.

“போனாலும் போவான்” என்றேன். “ஆனா உங்கட மகனோட பொய்க் கணக்கில பதினெட்டாவதாப் போகமாட்டான்.”

“அந்தப் பேப்பர் கிளினிக்கோடது” என்று கல்யாணி மேடம் கையை நீட்டினார்.

“என்ர பேரில எழுதின பேப்பர், மேடம்.”

மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். கோட்டை எடுத்தேன். வரவேற்பு அறையில் முத்துமாலை போட்ட ஒரு அம்மா தனியே உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணிக்கு மகனுக்காக நேரம் குறித்தவர். என்னைக் கண்டதும் எழும்பி, தன் முறை வந்துவிட்டதா என்று கேட்டார்.

“மகனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

சபை அலுவலகம் ஸ்ட்ராட்போர்டில், ஐந்து மணிவரை. கதவைத் திறந்து படிகளில் இறங்கினேன். பின்னால் டொக்டர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டது. நான் நிற்கவில்லை.