பொய் சொல்லத் தெரியாத உறுப்பு

மனித உடம்பில் பொய் சொல்லத் தெரியாத உறுப்பு இதயம் ஒன்றுதான். அதை முதன்முதலாக வாய் திறந்து பேச வைத்தவன் தான்தான் என்பதில் மாப்பிள்ளைக்கு எள்ளளவும் சந்தேகம் இருந்ததில்லை. நாக்கு பொய் சொல்லும். கண் பொய் சொல்லும். வயிறுகூட, பசிக்காதபோதே பசிக்கிறது என்று கூசாமல் பொய் சொல்லும். இதயத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இதை அவர் சாப்பாட்டு மேசையில் சொன்னார், பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தபடியே சொன்னார், லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவரிடம் அவர் இறங்கவேண்டிய மாடி வருவதற்குள் சொல்லி முடித்தார். மாமியார் வீட்டில் அழைக்கும் பெயரே அலுவலகத்திலும் ஒட்டிக்கொண்டதால் ஊருக்கெல்லாம் அவர் மாப்பிள்ளைதான்.

மருத்துவமனையில் கையைச் சுற்றிக் கட்டி, காற்றடித்து, விரல் மரத்துப்போகும்வரை இறுக்கி, பிறகு பெருமூச்சு விட்டுத் தளருமே, அந்த ரத்த அழுத்தக் கருவியை அவர் 'கழுத்தை நெரித்து வாக்குமூலம் வாங்கும் முறை' என்பார். அவர் செய்த பட்டை அப்படியில்லை. கைக்கடிகாரம் போல மணிக்கட்டில் சாதுவாகக் கிடக்கும். அடியில் ஒரு பச்சை வெளிச்சம் தோலுக்குள் எட்டிப் பார்த்து நாடியைக் கவனிக்கும். மேலே ஒரு விரலை வைத்தால் இதயத்தின் மின்துடிப்பை மலைமலையாக வரைந்து காட்டும். ரத்த அழுத்தத்தைத் தானே கணக்கிட்டு வீட்டாரின் போனுக்கு அனுப்பும். அளவோடு இருந்தால் பச்சை, மீறினால் சிவப்பு.

அதை வீட்டில் கட்டிக்கொண்டவர் மாமியார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேரைச் சாலைக்கு அனுப்பியவர். ஒருநாள் பாடத்தின் நடுவே அவருக்குத் தலை சுற்றியது. வண்டியை ஓரம்கட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப ரிவர்ஸ் எடுக்கிறத மனசுக்குள்ளயே ஓட்டிப் பாரும்மா" என்று மாணவியிடம் சொல்லிச் சமாளித்துவிட்டார். விஷயம் எப்படியோ மகளுக்குத் தெரிந்து, மகள் டாக்டரிடம் இழுத்துப் போனாள். சில வாரங்களுக்கு அளவுகளைப் பார்க்கலாம், அழுத்தம் ஏறியே இருந்தால் அந்த இருக்கையை விட்டு இறங்கவேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அன்று மாலையே பட்டை மாமியாரின் கைக்கு வந்தது.

முதல் நாள் மட்டும் சிவப்பு. "புதுப் பட்டை, பழகாத கை" என்று மாப்பிள்ளை விளக்கம் சொன்னார். மறுநாளிலிருந்து பச்சை, பச்சை, ஒரே பச்சை. கற்றுக்குட்டிகள் கிளட்சைக் கொலை செய்யும் காலை நேரத்தில்கூட நாடி ஏரித் தண்ணீர் போலக் கிடந்தது. சாயங்காலத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு. அது மாலை நெரிசலின் பாதிப்பு என்று மாப்பிள்ளை கண்டுபிடித்து, அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து அலுவலகச் சுவரில் மாட்டினார். தொழிலும் மன அமைதியும் ஒன்றாகிவிட்டதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று விருந்தினர்களைக் கேட்டார்.

சோதனைக்குப் பட்டை வாங்கிப்போன ஒருவர் அதைத் தன் நாயின் காலில் கட்டியது தெரிந்தபோது மாப்பிள்ளை சிரித்த சிரிப்பு ஒரு வாரம் அடங்கவில்லை. "கருவிய ஏமாத்துறவன் யாரை ஏமாத்துறான்? பரீட்சைல காப்பியடிச்சு, அதையும் நாய்கிட்ட பாத்து அடிச்சவன்."

ஒரு மாலை அவர் மாமியார் வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தபோது, பயிற்சிக் கார் எதிரே வந்து நடைபாதைமேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நின்றது. "பிரேக்குன்னா பிரேக்க மிதிக்கணும்பா, ஸ்டியரிங்க கட்டிப்பிடிக்கக் கூடாது" என்ற மாமியாரின் குரல் தெருமுனைவரை கேட்டது. மாப்பிள்ளை ஆசையோடு போனை எடுத்துப் பார்த்தார். பச்சை. நாடி தூங்கிக்கொண்டிருந்தது. இதயமா அது, என்று ஒரு கணம் மெய்சிலிர்த்தார். அடுத்த கணம் கார் கண்ணாடி வழியே மாமியாரின் இரண்டு கைகளும் தெரிந்தன. இரண்டிலும் வளையல்தான் இருந்தது.

வீட்டில் மாமா டிவிக்கு முன்னால் கால் நீட்டிக் கிடந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் செய்யும் ஒரே காரியம் அது. அதைக் குறையின்றிச் செய்தார். தொடர் நாடகத்தில் மருமகளை வீட்டைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாமா கண்ணைத் துடைத்தார். மாப்பிள்ளையின் போனில் மாலை நெரிசல் மெல்ல ஏறியது. கால்சட்டை நுனிக்குக் கீழே, கணுக்காலில், பச்சை வெளிச்சம்.

"அத்தை கட்டிவிட்டா. அவிழ்க்காதீங்கன்னா" என்றார் மாமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் எதையும் தொடல மாப்பிள்ளை."

மணிக்கட்டுக்காகச் செய்த கருவி கணுக்காலிலும் இவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறதே என்று உள்ளூர ஒரு சின்னப் பெருமை எழுந்ததை மாப்பிள்ளையால் தடுக்க முடியவில்லை. ஆனால் மாமியார் உள்ளே வந்ததும் பெருமையை மடித்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். கருவியை ஏமாற்றுவது தன்னையே ஏமாற்றுவது, உயிரோடு விளையாடுவது, விஞ்ஞானம், பொறுப்பு என்று பேச்சு நீண்டது. சுவரில் மோதியவன் சுவர்மீது சொல்லும் குறைகளைக் கேட்கிற அதே முகத்தோடு மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்புதான் மாப்பிள்ளை" என்றார். "முதல் நாள் சிவப்பு வந்துச்சுல்ல, உடனே என் பொண்ணு போன் பண்ணிட்டா. 'அம்மா எங்க இருக்க, வண்டிய நிறுத்து'ன்னு. குரல் நடுங்குது. அன்னைக்கு முழுக்க அவ சாப்பிடலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது." வளையலைச் சுழற்றிவிட்டுக்கொண்டார். "என் நெஞ்சு என்னமோ பண்ணிட்டுப் போகட்டும். அது ஏன் போயி அவ கதவைத் தட்டணும்?"

மாப்பிள்ளைக்கு இதற்கும் பதில் இருந்தது. தட்டத்தான் அந்தக் கருவியே என்றார். மாமியார் தலையாட்டினார். குனிந்து, மாமாவின் காலிலிருந்து பட்டையை அவிழ்த்து, முந்தானையால் துடைத்துத் தன் கையில் கட்டிக்கொண்டார். மகளிடமும் அவரே சொல்லிவிட்டார். மறுநாள் சிவப்பு. அதற்கு மறுநாளும். அலுவலகச் சுவரில் ஓர் ஆணி மட்டும் மிஞ்சியது.

அந்த வாரக் கடைசியில் மகள் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாமாவுக்குத் துணையாக மாப்பிள்ளை. அவர் கையிலும் ஒரு பட்டை உண்டு. செய்தவன் கட்டாமல் யார் கட்டுவார்கள் என்பதால் ஆரம்பத்திலிருந்தே கட்டியிருந்தார். அதன் அளவுகள் போவதும் மனைவியின் போனுக்குத்தான். இதுவரை பச்சையைத் தவிர வேறு நிறத்தை அது அனுப்பியதில்லை.

மனைவியிடமிருந்து செய்தி வந்தது. 'இன்னும் கூப்பிடல. அம்மா கார் சாவிய கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க சாப்பிட்டீங்களா? என்னால சாப்பிட முடியல.'

அதைப் படித்து முடிப்பதற்குள் மணிக்கட்டில் பட்டை அதிர்ந்தது. சிவப்பு எட்டிப் பார்க்கிறது என்பதற்கான முன்னெச்சரிக்கை அது. சற்று நேரத்தில் தணியாவிட்டால் செய்தி வீட்டாருக்குப் போகும். அந்த அவகாசத்தை வைத்தவரும் அவர்தான். மனிதன் என்றால் சும்மாகூட ஏறி இறங்குவான் என்று அப்போது பெருந்தன்மையாக நினைத்திருந்தார். எழுந்து தண்ணீர் குடித்தார். மூச்சை இழுத்து விட்டார். எண் இறங்கவில்லை, மூச்சை இழுத்து விட்டதைப் பார்த்து இன்னும் இரண்டு ஏறியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் கையில் போன் அதிர்வதையும், அவள் அதைத் திருப்பிப் பார்ப்பதையும் அவரால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. இப்போது வேண்டாம். நாளைக்கு அவரே போய் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு மட்டும் வேண்டாம்.

மாப்பிள்ளை வாசலைப் பார்த்தார். பிறகு சோபாவின் கால்மாட்டில், கீழே விழுந்த எதையோ தேடுபவர் போலக் குனிந்து உட்கார்ந்தார்.

மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு மற்றதை நீட்டினார்.

"அந்தக் கால்ல இன்னும் அரிக்குது மாப்பிள்ளை. இதுல கட்டுங்க."

கட்டினார். கால்சட்டை நுனியைக் கீழே இழுத்துவிட்டார். துணிக்குள் பச்சை வெளிச்சம் நிதானமாக மின்னத் தொடங்கியது. டிவியில் நாடகத்தின் பெயர்ப்பாட்டு ஆரம்பித்தது. மாமா கைக்குட்டையை எடுத்து மடியில் தயாராக வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை ரிமோட்டை எடுத்து, ஆழ்கடலில் மீன்கள் பேசாமல் போய்வந்துகொண்டிருந்த ஒரு சேனலுக்கு மாற்றினார்.

"ஏன் மாப்பிள்ளை?"

"கொஞ்ச நேரம் மாமா. மீனைப் பாருங்க."