தக்தே ஜம்பு

புனேயின் வானவடியில் 'பெர்சிபொலிஸ் ராயல்' என்று ஓர் அடுக்குமாடி. பெயரைக் கேட்டால் பாரசீகச் சக்கரவர்த்தி குடியிருக்கிறார் என்று தோன்றும். குடியிருப்பவர்களுக்கோ லாரித் தண்ணீர்தான். அதன் விழா மண்டபத்துக்குக் காளைத்தலை வைத்த தூண்களை வானளாவ எழுப்பிய பில்டர், கூரை என்றதும் கையை விரித்துவிட்டார்.

ஃபஹ்மிதா அங்கே வீடு வாங்கியதே அந்த மண்டபத்தை நம்பித்தான். அடுத்த மாதம் மகள் புஷ்ராவின் நிக்காஹ். மேலப்பாளையத்திலிருந்து சொந்தபந்தம் மொத்தமும் ரயிலேறுகிறது. இந்த ஊரின் ஜூலை மழை அழைப்பிதழுக்குக் காத்திருப்பதில்லை.

ஞாயிறு காலை, தூண்களுக்கு நடுவிலேயே கூட்டம். 'மண்டபம் முழுமையாக முடிந்தது' என்று வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கைதூக்கிவிட்டால் பில்டருக்கு விடுதலை. ஒரு கை குறைந்தாலும் கூரை போட்டாக வேண்டும். பில்டரின் ஆள் ஷ்யாம் பிஸ்கட் தட்டோடு நின்றான்.

சொசைட்டி சேர்மன் ஜம்பு வங்கியில் மண்டல மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற சேதி அவர் குரலுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. இரானுக்கு ஒருமுறை சுற்றுலா போய்வந்தவர் வேறு. இந்தியில் முழங்கினார்.

"அசல் பெர்சிபொலிஸை நேரில் பார்த்தவன் சொல்கிறேன். அங்கேயும் வெறும் தூண்கள்தான், கூரை கிடையாது. உலகமே டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது. பில்டர் நமக்குத் தந்திருப்பது பாரம்பரியம்."

கைகள் உயர்ந்தன. ஃபஹ்மிதாவின் கை மடியிலேயே கிடந்தது.

ஜம்பு தமிழுக்கு இறங்கினார். "என்ன மேடம், தமிழாளா இருந்துண்டு நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"அங்க கூரை இருந்துச்சு சார். நேத்து போன்ல பார்த்தேன். அலெக்சாண்டர் வந்து கொளுத்திட்டான். நம்ம கூரைய யாரு வந்து கொளுத்துனா? சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

"ஹிஸ்டரி எதுக்கு இப்போ? உங்காத்துக் கல்யாணத்துக்கு ஷ்யாம் ஷாமியானா போட்டுத் தருவான். ஃப்ரீ."

அவள் தயங்கினாள். ஷாமியானா இருந்தால் புஷ்ராவின் நிக்காஹ் நனையாது. கையைத் தூக்க ஒரு நொடி போதும். பிறகு இந்தத் தூண்கள் என்றைக்கும் இப்படியே நிற்கும்.

"எம் மவளுக்கு மட்டும் துணி, மத்த பிள்ளைகளுக்கு வானமா? வேண்டாம் சார். இரான்ல அந்த இடத்துக்குத் தக்தே ஜம்ஷீதுன்னு பேராம். ஜம்ஷீது ராஜாவோட சிம்மாசனம். இது தக்தே ஜம்பு. நீங்களே உக்காந்துக்கிடுங்க."

தமிழ் தெரியாதவர்களுக்கும், இந்தியிலும் புழங்கும் 'தக்த்' புரிந்துவிட்டது. பின்வரிசை சிரித்தது.

ஷ்யாம் மறுபடி எண்ணினான். இப்போது இரண்டு கை குறைந்தது. ஜம்புவின் பக்கத்திலேயே அவர் மனைவி பாலாம்பாள் கையை இறக்கியிருந்தாள்.

"ஏண்டி, கையைத் தூக்கு."

"அவாளை மொதல்ல கூரையைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கோ. அப்பறம் நான் கையைத் தூக்கறேன்."

தூறல் விழத் தொடங்கியது. ஜம்பு கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். அடுத்த கூட்டத்தை எங்கே வைக்கலாம் என்று ஷ்யாம் பொதுவாகக் கேட்டான்.

"இங்கேயேதான். கூரைக்குக் கீழே," என்று ஃபஹ்மிதா இந்தியிலேயே சொன்னாள். நாற்காலியைப் பாலாம்பாள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து ஓடுகிற எண்ணம் இருவருக்குமே இல்லை.