பியூலா தேய்த்த சைலன்சர்

‘ஒரிஜினல்’ என்ற சொல்லை நாள் முழுக்கச் சொன்னாலும் ராகவேந்திராவுக்கு வாய் வலிக்காது. கேட்டுக்கொண்டிருந்த ஜெபகுமாருக்குத்தான் காது புளித்துப்போயிற்று. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில் இருக்கும் அவருடைய மெக்கானிக் ஷெட்டுக்கு வாரம் தவறாமல் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவான் அந்த ஐடி கம்பெனி மேனேஜர். ஒரிஜினல் மீட்டர், ஒரிஜினல் நட்டு, டயர் காற்றடைக்கும் இடத்தில் திருகுகிற மூடி கூட ஒரிஜினல். அவன் வாங்கி வைத்திருந்தது எண்பதுகளில் வந்த ஆர்.டி. 350 மோட்டார் சைக்கிள். அதைச் சும்மா புதுப்பித்தால் போதாதாம். அந்தக் காலத்தில் ரேஸுக்கென்றே ஜப்பான் ஃபேக்டரியில் செய்து அனுப்பிய பாகங்களைத் தேடிப் பிடித்து மாட்டி, சோழவரம் பந்தயத்தில் ஓடிய வண்டி போலவே ஆக்க வேண்டுமாம்.

ஆக்கி என்ன செய்வது? வண்டலூரில் அவனுடைய அடுக்குமாடி வீட்டு ஹாலில், ஏசிக்குக் கீழே நிறுத்துவது. ஓட்டுவீங்களா சார் என்று ஜெபகுமார் ஒரு தடவை கேட்டுவிட்டார். ஓட்டினால் வேல்யூ போய்விடும் என்று பதில் வந்தது. செத்தவன் காலுக்கு ஓட்டப்பந்தய ஷூ மாட்டுகிற வேலைக்குத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறான் என்று அவருக்கு அன்றே தோன்றியது. தோன்றி என்ன, ஷெட்டு வாடகையை யார் கொடுப்பது?

வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் அவரே ஒரு நாள் உளறினார். ஃபேக்டரி ரேஸ் சைலன்சர் ஒரு ஜோடி தன் அண்ணி வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அவருடைய அண்ணன் காலேப் சோழவரத்தில் வண்டி ஓட்டியவர். ஜெயித்த வருடம், கம்பெனிக்காரர்களே அந்த இரண்டு சைலன்சர்களையும் கையில் கொடுத்ததாகச் சொல்வார். நடுவில் வயிறு பருத்து, வால் ஒடுங்கி, பார்த்தாலே சாதாரண வண்டியுடையது இல்லை என்று தெரியும். பிற்பாடு வீட்டுக் கஷ்டத்தில் வண்டியை விற்றபோதும் சைலன்சர்களைக் கழற்றி வைத்துக்கொண்டார். காலேப் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. அனகாபுத்தூர் சந்து வீட்டில், ஷோகேஸின் மேல்தட்டில், இயேசு படத்துக்குப் பக்கத்தில் அவை இரண்டும் இருந்தன. அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த வருடம் பியூலா அண்ணி முதலில் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவற்றைத்தான். அரிசியும் டிவியும் தண்ணீரோடு போயின.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணி யோசிக்கவே இல்லை. கொடுக்கிறேன், காசு வேண்டாம் என்றாள். அவள் கேட்டது இரண்டே. வண்டியில் மாட்டியதும் தன் எதிரில் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அந்தச் சத்தத்தைக் கேட்க வைக்க வேண்டும். எங்கே நிறுத்தினாலும் காலேப் பெயரை ஒரு ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்கென்ன, தாராளமாக என்று ராகவேந்திராவும் தலையாட்டினான்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை அண்ணி சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். சைலன்சர்களைப் போர்வையில் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தாள். ஷெட்டில் ராகவேந்திராவும் அவனுடைய பழைய பைக் கிளப் ஆட்கள் சிலரும் நின்றிருந்தார்கள். கூடவே சேட்டு. பெயர்தான் சேட்டு, ஆள் பல்லாவரத்தில் பிறந்து வளர்ந்த பழைய பார்ட்ஸ் தரகன். அவனை யார் கூப்பிட்டார்கள் என்று ஜெபகுமாருக்குத் தெரியவில்லை. செக் பண்ணத்தான் என்றான் ராகவேந்திரா.

போர்வையைப் பிரித்ததும் சைலன்சர் இரண்டும் வெள்ளிக் குடம் போல மின்னின. சேட்டு பாக்கெட்டிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து, வைரம் பார்க்கிறவன் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

“யக்கா, இது டூப்ளிகேட்டு. ஃபேக்டரி மால்னா நம்பர் குத்தியிருப்பான். இதுல எங்க கீது நம்பரு?”

“இருந்துச்சி தம்பி” என்றாள் அண்ணி. “புளியும் செங்கல் பொடியும் போட்டு வாராவாரம் தேச்சினே இருப்பேன். தேஞ்சி போயிடுச்சி.”

 கிளப் ஆள் ஒருவன் சிரித்தான். அதுதான் சாக்கென்று எல்லோரும் சிரித்தார்கள். ராகவேந்திரா மட்டும் சிரிக்காமல், பரவாயில்லை ஆன்ட்டி, அங்கிளை யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்று பெரிய மனசோடு ஆறுதல் சொன்னான். அந்த ஆறுதல்தான் ஜெபகுமாருக்குச் சிரிப்பைவிட அருவருப்பாக இருந்தது. நான் பார்த்திருக்கிறேன், நம்பர் இருந்தது என்று அவர் குறுக்கே போனார். உங்க அண்ணன் சாமான், நீங்க அப்படித்தான் சொல்வீங்க என்று சேட்டு அவர் தோளைத் தட்டினான். சொல்லிவிட்டு, தன்னிடம் ஒரு ஜோடி அசல் இருக்கிறது என்று ராகவேந்திரா காதில் ஓதத் தொடங்கினான்.

அண்ணி போர்வையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். ஜெபகுமாரும் கூடவே ஆட்டோவில் ஏறினார்; வழி முழுக்க அவள் மூட்டையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“உங்க அண்ணன் எங்கிட்ட சொன்னதுல எதுனா நெசமா ஜெபா? பிராக்டிஸுக்குப் போறேன்னுவாரு, சாராயக் கடையில உக்காந்துகினு இருப்பாரு. சம்பளம் போடலன்னுவாரு, போட்டிருப்பான். இது ஒண்ணாவது நெசம்னு நம்பிகினு இருந்தேன். இத்த வெச்சித்தான் அந்தாள மன்னிச்சேன்.”

நிஜம்தான் அண்ணி என்றார் அவர். நீ அப்போ சின்னப் பையன், உனக்கு இன்னா தெரியும் என்று அவள் அதோடு பேச்சை முடித்துவிட்டாள். சைலன்சர்கள் ஷோகேஸுக்குத் திரும்பவில்லை. பாத்ரூமுக்குப் பின்னால், விளக்குமாறும் ஆசிட் பாட்டிலும் கிடக்கிற மூலையில், சாக்கடைக் குழாயை ஒட்டிச் சாய்த்து வைத்தாள். ஜெபகுமார் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு மனுஷன் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை சாக்கடையோரம் போய் உட்கார்ந்துவிட்டதே என்று வயிறெரிந்தது.

அடுத்த வாரம் சேட்டுவின் ‘அசல்’ ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததும் குப்பென்று ஒரு நாற்றம். திருமுடிவாக்கம் பக்கம் ஏதோ ஒரு ஷெட்டில் புதுத் தகட்டை வளைத்துச் செய்து, உப்பையும் மாட்டு மூத்திரத்தையும் ஊற்றிய குழியில் புதைத்துத் துருப்பிடிக்க வைத்து எடுக்கிறார்கள் என்று தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். நம்பர் மட்டும் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஆழமாகக் குத்தியிருந்தது. ராகவேந்திரா குனிந்து, அந்த நாற்றத்தை மூக்கு நிறைய இழுத்து, இதுதான் ஜெபா அண்ணா ஹிஸ்டரி என்றான். ஜெபகுமார் பின்னால் நகர்ந்துகொண்டார்.

இது போலி சார் என்று சொல்லிப் பார்த்தார். அண்ணி கொண்டுவந்த பொருள் எடுபடாத ஆத்திரத்தில் பேசுகிறார் என்று அவன் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது.  கூலிக்கு மாரடிக்கிறவன் எதற்குக் கத்த வேண்டும்? மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மாட்டிக் கொடுத்தார். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் அந்த வாடை விரலை விட்டுப் போகவில்லை. மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்துச் சோற்றில் கை வைத்தவர் அப்படியே மூடி வைத்துவிட்டார். நாற்றம் துருவிலிருந்து வருகிறதா, தன்னிடமிருந்தே வருகிறதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மழைக்காலம் முடிந்து, பொங்கல் கழித்து, வண்டலூரைத் தாண்டி ஒரு ரிசார்ட்டில் பழைய வண்டிகளின் கண்காட்சி நடந்தது. ஜெபகுமார் போகவில்லை. அங்கே நடந்ததை மறுநாள் காலை ராகவேந்திராவே வந்து சொன்னான். முகம் பேயறைந்தது போல இருந்தது. பெங்களூரிலிருந்து வந்த ஒருத்தனும் அதே மாதிரி வண்டியை நிறுத்தியிருந்தானாம். அதே துரு, அதே வாடை. மார்க் போட வந்த ஜட்ஜ் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து பார்த்தால், இரண்டு சைலன்சரிலும் ஒரே நம்பர். சோம்பேறிப் பயல் சேட்டு, நம்பரைக்கூட மாற்றிக் குத்தாமல் ஊருக்கெல்லாம் விற்றிருக்கிறான். கூடி நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்களாம். போன வருடம் ஷெட்டில் சிரித்த அதே கிளப் ஆட்கள்தான்.

ஜெபகுமாருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் அவன் அடுத்த மூச்சில் கேட்டது, ஆன்ட்டியிடம் இருந்ததை இன்னொரு தடவை பார்க்கலாமா என்பதைத்தான். மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவே இல்லை. முடியாது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். ஆனால் அண்ணி அன்று ஆட்டோவில் உட்கார்ந்து வந்த கோலம் நினைவுக்கு வந்தது. இவன் வாயாலேயே அவள் கேட்கட்டும் என்று கிளம்பினார்.

அனகாபுத்தூர் சந்துக்குள் கார் நுழையாது. சாக்கடையைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். விஷயத்தைக் கேட்ட பியூலா, பின்னால் கிடக்குது, பாத்துக்கோங்க என்று கையைக் காட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபகுமார்தான் போய்த் தூக்கி வந்தார்.  ஒரு மழைக்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்து, வெள்ளிக் குடமாக இருந்தது சிவந்து, செதிலடித்துப் போயிருந்தது. ஆனால் ராகவேந்திராவின் முகம் மலர்ந்தது. என்ன கலர், என்ன ஏஜிங் என்று விரலால் தடவினான். தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட் தெறித்துத் தெறித்து அந்த இடம் அரித்திருந்தது. அரித்த இடத்தில், மங்கலாக, வரிசையாக எண்ணும் எழுத்தும். ஜெபகுமாருக்கு உடனே புரிந்தது. ஃபேக்டரியில் குத்திய அடி இரும்புக்குள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே நசுங்கியது நசுங்கியதுதான். ஆசிட் பட்டதும் அது மட்டும் கறுத்து மேலே வந்துவிட்டது. ராகவேந்திரா போனை எடுத்துப் பழைய கேட்டலாக் படத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டான். 

“ஆன்ட்டி, ஹண்ட்ரட் பர்சென்ட் ஒரிஜினல்.”

பியூலா எழுந்து வந்தாள். அவனைப் பார்க்கவில்லை, கொழுந்தனைப் பார்த்தாள்.

“நெசமா ஜெபா?”

“நெசம் அண்ணி.”

அவள் சைலன்சரை வாங்கிப் புடவையில் துரு ஒட்ட ஒட்ட அணைத்துக்கொண்டாள். கண்ணீர் வந்தது. பாவி மனுஷா, இதையாவது நெசமா சொன்னியே என்று தனக்குள் முணுமுணுத்தாள். உலகத்தில் இதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட்டு காலேப்புக்குக் கிடைத்திருக்காது.

அந்த நேரத்தில்கூட ராகவேந்திராவுக்குப் பொறுக்கவில்லை. கட்டிப் பிடிக்காதீங்க ஆன்ட்டி, துரு உதிர்ந்துவிடும் என்றான். அந்தத் துருதான் வேல்யூவே, அப்படியே மேலே ஒரு கோட் வார்னிஷ் அடித்து மாட்டிவிடலாம், என்ன கேட்டாலும் தருகிறேன், காலேப் அங்கிள் பெயரைப் பெரிசாகவே போடுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனான். ஆசையாகக் கழுவித் துடைத்த காலமெல்லாம் டூப்ளிகேட்டாக இருந்தது, வெறுத்துச் சாக்கடையோரம் எறிந்த பிறகு ஒரிஜினல் ஆகிவிட்டது. இவன் கண்ணே அப்படி என்றால் இவன் மூளை எப்படி இருக்கும் என்று ஜெபகுமாருக்குக் காறித் துப்பத் தோன்றியது.

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேக்க வெப்பியா தம்பி?”

அவன் தயங்கினான். “அது... ஹீட் ஆனா இந்தக் கலர் போயிடும் ஆன்ட்டி. வீடியோ எதாவது தேடித் தர்றேனே.”

அவள் உள்ளே போனாள். ஒரு கிண்ணத்தில் புளியும் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் எடுத்து வந்து, குழாயடிக் கல்லில் உட்கார்ந்தாள். சைலன்சரை மடியில் கிடத்தி, நம்பர் தெரிந்த இடத்திலிருந்தே தேய்க்கத் தொடங்கினாள். ராகவேந்திரா பதறிப்போய்க் கிட்டே ஓடி வந்தான். அது போனால் யாரும் நம்ப மாட்டார்கள், நீங்களே அதை டூப்ளிகேட் ஆக்குகிறீர்கள் என்று கெஞ்சினான். ஜெபகுமாரும் ஒரு கணம், நம்பர் போய்விடுமே அண்ணி என்றார்.

“எனக்குத் தெரிஞ்சிடுச்சி இல்ல” என்றாள் அவள், கையை நிறுத்தாமல். சிவப்புத் தண்ணீர் கல்லில் வழிந்து சாக்கடைக்கு ஓடியது. அடியில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. பிறகு தலை நிமிர்ந்து ராகவேந்திராவைப் பார்த்தாள்.

“யாருனா கேட்டா டூப்ளிகேட்டுன்னே சொல்லிடு தம்பி. நீ சொன்னா நம்புவாங்க.”

ஜெபகுமார் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டாவது சைலன்சரைத் தன் பக்கம் இழுத்துப் போட்டார்.